தீப்பெட்டி ஆபீஸ் வேனும் பள்ளிக்கூட மணியும்

குட்டீஸ், உங்கள் பையில் இருக்கும் நோட்டை எடுத்துப் பின் அட்டையைப் பாருங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் 'சிவகாசி' என்று அச்சடித்திருக்கிறதா? இல்லாவிட்டால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். அதுவும் இல்லையா? சரி, தீபாவளிக்கு நீங்கள் சுற்றவிட்ட சங்குச்சக்கரத்தின் பெட்டி நிச்சயம் அந்த ஊரில் இருந்துதான் வந்திருக்கும்!

1922இல் சிவகாசியில் இருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு பேர் கொல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டாமா? அச்சகம் வந்தது. மருந்துக் கலவை கை பழகியதும் மத்தாப்பு வந்தது, பட்டாசு வந்தது. மழை குறைவான கரிசல் பூமி அது. விவசாயத்தை மட்டும் நம்பி இருக்க முடியாத மக்களுக்கு வேலை கிடைத்தது. விஸ்வநத்தம் போல சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் தொழிற்சாலைகள் முளைத்தன.

வேலை வந்தது நல்லதுதான். ஆனால் யாருக்கு வந்தது என்பதில்தான் சிக்கல்.

இப்போது ஒரு கற்பனை. ஆண்டு 1980. நீங்கள் விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறீர்கள். வயது பத்து. இன்னும் விடியவில்லை. தெருமுனையில் ஹாரன் சத்தம். அது பள்ளிக்கூட பஸ் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் வேன்! (அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள்.) அம்மா உங்களை எழுப்பி, தூக்குவாளியில் பழைய சோற்றைக் கொடுத்து ஏற்றிவிடுகிறார். அங்கே உங்களுக்குக் 'கட்டை அடுக்கும்' வேலை. வரி வரியாகப் பள்ளம் உள்ள மரச் சட்டத்தில் தீக்குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்க வேண்டும். அப்படி அடுக்கினால்தான் மொத்தமாக மருந்தில் தோய்க்கும்போது ஒவ்வொரு குச்சியின் தலையிலும் தனித்தனியாக மருந்து பிடிக்கும். எத்தனை கட்டை அடுக்கினீர்களோ அத்தனைக்குக் கூலி. வீடு திரும்பும்போது இருட்டிவிடும். பள்ளிக்கூடம்? அது காலையில் மணி அடித்து, மாலையில் பூட்டியும் ஆகியிருக்கும். நீங்கள் அந்த மணியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

"பிஞ்சு விரல்தான் வேகமாக ஓடும், அதனால்தான் குழந்தைகளை வைக்கிறோம்" என்று அப்போது ஒரு காரணம் சொன்னார்கள். விரல் எல்லாம் சாக்குதான். குழந்தைக்குக் கொடுக்கும் கூலி குறைவு, குழந்தை எதிர்த்துக் கேட்காது. இவைதான் உண்மையான காரணங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேதனை என்றும் சொல்லலாம். 1985இல் இந்த மாவட்டம் உருவானபோது அதற்கு வைத்த பெயர் காமராசர் மாவட்டம். காமராசர் யார்? விருதுநகரில் பிறந்து, அங்கே உள்ள சத்திரிய வித்யாசாலாவில் படித்தவர். வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து அந்தக் காசில் ஊர் மக்கள் நடத்திய பள்ளி அது. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் ஜவுளிக் கடையில் உட்கார்ந்த பையன் அவர். முதலமைச்சரான பிறகு, பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று புரிந்துகொண்டு 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். அவர் பெயரைத் தாங்கிய மாவட்டத்திலேயே பிள்ளைகள் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்!

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் 14 வயது ஆகாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர் சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும்; அந்தக் குழந்தையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். தீர்ப்பில் இந்த இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பிடித்தது. பிள்ளையின் கூலி நின்றால் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே!

சரி, வேலையில் இருந்து மீட்டாயிற்று. அடுத்து எங்கே அனுப்புவது? பள்ளிக்குத்தான் என்று சட்டென்று சொல்வீர்கள். எந்த வகுப்புக்கு? இங்கேதான் பெரிய சிக்கல். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு 'அ, ஆ' தெரியாது. ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால், பக்கத்தில் இருக்கும் வாண்டுகள் அவன் இடுப்பு உயரம்கூட இருக்க மாட்டார்கள். அவர்கள் "அண்ணே, நீ ஏன் எங்க வகுப்புல இருக்கே?" என்று கேட்டால் அடுத்த நாள் வருவானா? ஏழாம் வகுப்பில் உட்கார வைத்தால் கரும்பலகையில் எழுதியிருப்பது ஒன்றும் புரியாது.

இதற்காகவே வந்தவை சிறப்புப் பள்ளிகள். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கியது. நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களில் சிவகாசிப் பகுதியும் ஒன்று. வகுப்பில் எல்லோருமே வேலையில் இருந்து வந்தவர்கள் என்பதால் யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது. அடிப்படையில் இருந்து வேகமாகச் சொல்லிக் கொடுத்து, ஓரிரு ஆண்டுகளில் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். மதிய உணவு, மருத்துவப் பரிசோதனை, கைத்தொழில் பயிற்சி எல்லாம் உண்டு. மாதா மாதம் உதவித்தொகையும் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் அது 100 ரூபாயாக இருந்தது. 2017இல் 400 ரூபாய் ஆனது. 2021இல் இந்தத் திட்டத்தை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசமாகப் படிப்பது உங்கள் உரிமை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, பள்ளி திறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்றெல்லாம் சொல்லி எந்தப் பள்ளியும் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. நடுவில் நின்றவர் வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே சேரலாம். விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். 2016இல் சட்டம் இன்னும் இறுகியது. பட்டாசு போன்ற ஆபத்தான தொழிலில் 18 வயது ஆகாத யாரையும் சேர்க்கக் கூடாது.

இன்றும் விஸ்வநத்தம் பக்கம் பல வீடுகளில் அம்மாவும் அப்பாவும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறார்கள். காலையிலேயே கிளம்பும் அம்மாவுக்கு இட்லி ஊற்ற நேரம் ஏது? அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குக் காலை உணவுத் திட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் பொங்கல், ஒரு நாள் கிச்சடி. உப்புமா என்றால் முகம் சுளிப்பவர்கள், அந்த வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்!

பத்தாவது முடித்தால் மேல்நிலைப் பள்ளி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எட்டாவது முடித்தவர்களே ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பயிற்சியில் சேரலாம். பத்தாவது முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். அதில் தேறியவர்கள் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் நுழையலாம். பள்ளிக்கே போகாதவர்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம்.

கல்லூரிக்கு வெளியூர் போக வேண்டியதும் இல்லை. கொல்கத்தா போய் வந்தாரே அய்ய நாடார், அவர் பெயரிலேயே 1963இல் ஒரு கல்லூரி வந்தது. 1968இல் பெண்களுக்காக வந்த கல்லூரியின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி! பெயரிலேயே பட்டாசு வைத்திருக்கும் கல்லூரி வேறு எங்காவது இருக்கிறதா, தெரிந்தால் சொல்லுங்கள்.

2023இல் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தபோது, தமிழ்நாட்டிலேயே அதிகத் தேர்ச்சி பெற்ற மாவட்டம் எது தெரியுமா? விருதுநகர். 97.85 சதவீதம்!

உங்கள் தெருவில், டீக்கடையிலோ பட்டறையிலோ உங்கள் வயதுப் பிள்ளை வேலை பார்ப்பதைக் கண்டால், அப்பா அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். இல்லையென்றால் 1098 என்ற எண்ணுக்கு நீங்களே பேசலாம். காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள்.