தேர்வாளர்கள் தவறவிட்டார்கள், நடுவர்கள் கவனித்தார்கள்

மேட் பிரிடிஸ், ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் பெர்த் நகரின் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் அணிக்காக 2006 முதல் 2017 வரை ஆடியவர். 2014-இல் அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை வென்றார். பள்ளிப் பருவம் முடிந்த வயதில் இதே ஆட்டக்காரரை நாட்டின் 16 தொழில்முறை அணிகளில் ஒன்றுகூடத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டத்தில் வேகம் போதாது, பந்தை உதைக்கும் விதம் சரியில்லை என்பவை அவர்மீது சொல்லப்பட்ட குறைகள். இரண்டும் பொய்யல்ல.

அவர் ஏன் விடுபட்டார் என்பது புரிய, ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கிரிக்கெட் மைதானம் போன்ற நீள்வட்டத் திடலில், அணிக்கு 18 பேர் ஆடுகிறார்கள். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. பந்தைக் கையில் பிடிக்கலாம், ஓடலாம், உதைக்கலாம். எறியக் கூடாது. கையால் அனுப்புவதானால், ஒரு கையில் ஏந்தி, மறு கையின் முட்டியால் குத்தித்தான் தோழருக்கு அனுப்ப வேண்டும். ஆஃப்சைடு கிடையாது என்பதால் எதிரி எந்தப் பக்கத்திலிருந்தும் வந்து மோதுவார். தூரத்திலிருந்து பார்ப்பவரின் கண்ணைக் கவர்வது, உயரத் தாவிப் பந்தைப் பிடிப்பவரும் ஐம்பது மீட்டர் தள்ளி உதைப்பவரும்தான். இரண்டிலும் பிரிடிஸ் பெயர் எடுத்தவரல்ல.

இளம் ஆட்டக்காரர்களை அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். 1986-இல் தொடங்கியது. ஐபிஎல் ஏலம்போலப் பணம் வைத்துக் கேட்பது இதில் இல்லை. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணி முதல் பெயரைச் சொல்லும், பிறகு வரிசையாக மற்ற அணிகள். எந்த ஊருக்குப் போவது என்பதைப் பையன் முடிவு செய்ய முடியாது. தேர்வுக்கு முன் முகாம் நடக்கும். அங்கே 20 மீட்டர் ஓட்டத்தை மின்கருவி நொடியின் நூறில் ஒரு பங்குவரை அளக்கும். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் தாவுகிறார், ஒலி கேட்கக் கேட்க வேகம் கூட்டி முன்னும் பின்னும் எத்தனை முறை ஓடுகிறார் என்றெல்லாம் குறித்துக்கொள்வார்கள். எண்ணாக எழுதக்கூடியதை எல்லாம் எழுதிவிடுவார்கள். பத்துப் பேர் மொய்க்கும் இடத்தில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று அரை நொடி முன்னால் அறிவதற்குக் கருவி கிடையாது.

ஆனாலும் டிராஃப்டை ஏமாற்று வேலை என்று தள்ளிவிட முடியாது. முதல் சில இடங்களில் அழைக்கப்படுபவர்களில் பலர் நெடுநாள் ஆடுகிறார்கள். சறுக்குவது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய இடங்களில்தான். 1996-இல் பிரவுன்லோவைப் பகிர்ந்துகொண்ட எஸெண்டன் அணியின் ஜேம்ஸ் ஹெர்ட், 1990 டிராஃப்டில் 79-ஆவதாக அழைக்கப்பட்டவர்.

பெயர் வராத பிரிடிஸ், பெர்த்தின் உள்ளூர் லீக்கில் சுபியாக்கோ கிளப்புக்குத் தொடர்ந்து ஆடினார். பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள இந்தப் போட்டி லேசானதல்ல. வளர்ந்த ஆண்கள் மோதும் களம், மேற்கு ஆஸ்திரேலியாவின் பழைய கிளப்புகள். பதினெட்டு வயதில் அழைக்கப்பட்டவர்கள் தொழில்முறை அணிகளின் உடற்பயிற்சிக் கூடங்களில் உருவானார்கள் என்றால், பிரிடிஸ் லீடர்வில் மைதானத்தின் முட்டல் மோதலில் உருவானார்.

அணிகளின் முதன்மைப் பட்டியல் நிரம்பிய பிறகு, மிச்சமிருப்பவர்களுக்காக ரூக்கி டிராஃப்ட் என்று ஒன்று உண்டு. ரூக்கியாக எடுக்கப்பட்டவர் அணியோடு பயிற்சி செய்யலாம். ஆனால் அந்தக் காலத்தில், முதன்மைப் பட்டியலில் இடம் காலியாகி, முறைப்படி உயர்த்தப்பட்டால்தான் லீக் ஆட்டத்தில் இறங்க முடிந்தது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பவர் நிலை. 2006 பருவத்துக்கான அந்த ரூக்கி டிராஃப்டில், 30 பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகு 31-ஆவதாக வெஸ்ட் கோஸ்ட் பிரிடிஸை எடுத்தது.

போய்ச் சேர்ந்த இடம் அவ்வளவு சாதகமானதல்ல. வெஸ்ட் கோஸ்டின் நடுக்களத்தில் அப்போது 2004-இல் பிரவுன்லோ வென்ற கிறிஸ் ஜட், 2005-இல் வென்ற பென் கசின்ஸ், அவர்களுக்குச் சற்றும் குறையாத டேனியல் கெர் என மூவர் இருந்தார்கள். நாட்டிலேயே ஆளே தேவைப்படாத இடம் அது. 2006-இல் பிரிடிஸ் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடினார் என்றாலும், அந்த ஆண்டின் பெரும்பகுதி சுபியாக்கோவில்தான் கழிந்தது. அங்கே உள்ளூர் லீக்கின் உச்ச விருதான சேண்டோவர் பதக்கத்தை வென்றார். அதற்கு வாக்களிப்பவர்கள் தேர்வாளர்கள் அல்ல, ஆட்டத்தை நடத்தும் நடுவர்கள். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

2007 முடிவில் ஜட் மெல்பர்னின் கார்ல்டன் அணிக்குப் போனார். கசின்ஸை கிளப் நீக்கியது. ஒரே ஆண்டில் இரண்டு நாற்காலிகள் காலி. 2010-இல் 16 அணிகளில் கடைசி இடத்துக்குச் சரிந்து, மறு ஆண்டே முதல் நான்குக்குள் மீண்ட அந்த அணியில், பிரிடிஸ் வாரம் தவறாமல் ஆடும் ஆளானார்.

அவர் செய்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நடுவர் பந்தைத் திடலின் மையத்தில் ஓங்கி அடிக்கிறார். அது மேலே எழும்புகிறது. இரண்டு மீட்டர் உயரத்துக்காரர்கள் இருவர் முழங்கால் மோதத் தாவுகிறார்கள். ஒருவர் விரல் நுனியால் தட்டுகிறார். பந்து விழும் இடத்தில் பிரிடிஸ் ஏற்கெனவே இடுப்பை மடக்கி, தோளைத் தாழ்த்தி நிற்கிறார். இரண்டு பேர் மேலே விழுகிறார்கள். கைகள் மட்டும் வெளியே வருகின்றன, ஒரு குத்து, பந்து வேகமாக ஓடும் தோழரிடம் போய்விட்டது. கைதட்டல் அந்தத் தோழருக்கு. பந்து எதிரி கைக்குப் போயிருந்தால், பிரிடிஸ் அவரைக் கட்டிப் பிடித்திருப்பார். இப்படிப் பிடித்து நிறுத்துவதற்கு டேக்கிள் என்று பெயர். லீக் வரலாற்றில் அதிக டேக்கிள்கள் செய்தவர்களின் வரிசையில் அவர் பெயர் உண்டு. இதற்கு ஐம்பது மீட்டர் உதை வேண்டாம், 20 மீட்டர் ஓட்டத்தில் முதலிடமும் வேண்டாம். பல ஆண்டுகள் அவருக்காகப் பந்தைத் தட்டிக் கொடுத்த டீன் காக்ஸ் என்பவரும் ரூக்கியாக வந்தவர்தான். பெயர்ப் பட்டியலின் அடியிலிருந்து வந்த இருவர், மைதானத்தின் நடுவில்.

2013-இல் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஜான் வர்ஸ்ஃபோல்ட் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டுதான் விசித்திரம். 2014 செப்டம்பர் 22 இரவு, மெல்பர்னில் பிரவுன்லோ வாக்குகள் எண்ணப்பட்டன. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் கள நடுவர்கள் கூடிப் பேசி, சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று தரும் வாக்குகள் அவை. பருவம் முடியும்வரை உறையில் இருக்கும். இன்னோர் ஆட்டக்காரரான கேரி ஆப்லெட்டுக்கு 22. ஃப்ரீமேண்டில் அணியின் நேட் ஃபைஃபுக்கு 25, ஆனால் அந்தப் பருவத்தில் இடைநீக்கத் தண்டனை பெற்றதால் அவருக்குப் பதக்கத் தகுதி இல்லை. பிரிடிஸுக்கு 26. தகுதி இருந்திருந்தாலும் ஃபைஃப் ஒரு வாக்கில் தோற்றிருப்பார் என்பதால் வெற்றியில் கீறல் இல்லை.

வென்றவரின் அணி அந்த ஆண்டு ஒன்பதாம் இடம். இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு நிபுணர் குழு தேர்ந்தெடுத்த ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் அவர் பெயர் இல்லை. தன் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் தடுப்பாளர் எரிக் மெக்கன்ஸிக்குப் போனது. நடுவர்கள் தவறு செய்தார்கள் என்றவர்கள் உண்டு. நடுக்களக்காரர்களுக்கே நடுவர்கள் அதிகம் தருகிறார்கள் என்ற குறையும் பழையது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் குழுவினர் பார்ப்பது மாடத்திலிருந்தும் திரையிலும். நடுவர் நிற்பது அந்த மொய்ப்பிலிருந்து சில அடி தூரத்தில். கீழே கிடந்த பந்தை எடுத்தது யார் என்பது அவருக்குத்தான் தெளிவாகத் தெரியும்.

ஐயம் இருந்தவர்களுக்கு 2015 பதில் சொன்னது. ஃபைஃப் 31 வாக்குகளுடன் வென்றார். 28 பெற்று பிரிடிஸ் இரண்டாமிடம். ஆல்-ஆஸ்திரேலியன் அணியிலும் இம்முறை இடம் கிடைத்தது. இறுதி ஆட்டத்துக்கு வந்த வெஸ்ட் கோஸ்ட், ஹாதர்னிடம் 46 புள்ளியில் தோற்றது.

2017 பருவத்தோடு பிரிடிஸ் ஓய்வு பெற்றார். மொத்தம் 240 ஆட்டங்கள். அவர் ரூக்கியாகச் சேர்ந்த 2006-இல் வெஸ்ட் கோஸ்ட் ஒரு புள்ளி வித்தியாசத்தில் சிட்னியை வென்று கோப்பையை எடுத்தது. இறுதி ஆட்ட அணியில் அவர் இல்லை. அடுத்த கோப்பை 2018-இல், காலிங்வுட்டுக்கு எதிராக, 5 புள்ளி வித்தியாசத்தில் கிடைத்தது. அப்போது அவர் விலகி ஓராண்டு ஆகியிருந்தது.