குச்சிக்கிழங்குக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, தெரியுமா?

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் காட்டில் பிடுங்கிய குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, வாங்கி வந்து, மூன்றாம் நாள் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைச் சதைக்குள் நீலமும் கருப்புமாகக் கோடுகள்! அழுகலும் இல்லை, பூச்சியும் இல்லை. பிடுங்கும்போது பட்ட காயத்துக்குக் கிழங்கே காட்டும் பதில் அது! காயம் வழியே காற்று நுழைந்ததும் ஸ்கோபோலெட்டின் என்ற பொருள் பெருகுகிறது, ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கிறது. இரண்டு மூன்று நாள்தான் கெடு. ஆனால் அதே கிழங்கைப் பிடுங்காமல் விட்டால் மண்ணுக்குள் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும்!

காத்திருக்காத இந்தக் கிழங்குதான் சேலம், தருமபுரி வட்டாரத்து ஆலைகளில் அரைபட்டு, காய்ந்து, ஆண்டுக்கணக்கில் தாங்கும் ஜவ்வரிசியாகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது!

வீட்டில் அந்தக் கடிகாரத்தை நிறுத்த ஃப்ரீசர் போதும், தெரியுமா? வாங்கிய அன்றே தோலையும் அடியிலுள்ள தடித்த பட்டையையும் உரியுங்கள். துண்டாக்கி, நடுநரம்பை எடுத்து, கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கிவிட்டு மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் வெள்ளை வெளேரென்று இருக்கும். கேரளத்தில் கப்பை எனப்படும் இதே கிழங்கு வளைகுடா நாட்டுக் கடைகளுக்கு இப்படித்தான் உறைந்து போகிறது!

இன்னொரு அதிசயம்! தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. கிழங்கின் நுண்ணறைகள் உள்ளுக்குள்ளேயே கிழிகின்றன. அதனால்தான் உறைந்த துண்டு வெந்ததும் பூவாக உதிர்கிறது. உருகவிடாமல் நேரே கொதிநீரில் போடுங்கள். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: குச்சிக்கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு, குளிர் அதை நீக்காது. நிறையத் தண்ணீரில், மூடாமல் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

கேரட்டுக்கு வேறு வழி. அதிலுள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும்! துண்டுகளை 2 நிமிடம் கொதிநீரிலும் பிறகு ஐஸ் தண்ணீரிலும் போட்டெடுத்தால் அந்த நொதிகள் அடங்கிவிடும். பீட்ரூட்டை முழுதாக வேகவைத்தே உறையவையுங்கள். முள்ளங்கி வேண்டாம், முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர், தொளதொளத்துவிடும். பச்சை உருளைக்கிழங்கும் அப்படித்தான், உருகினால் நீர் கக்கும்.

ஆனால் அந்த நீர் கக்குதலையே ஒரு கலையாக்கியவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை மக்கள்! இரவுப் பனியில் உருளைக்கிழங்கைப் பரப்பி உறையவிடுகிறார்கள், பகல் வெயிலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிகிறார்கள். சில நாள் இப்படியே செய்து காயவைத்தால் கிடைப்பது சூன்யோ. கல் போல இருக்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது! மின்சாரமே இல்லாமல், வானத்தையே ஃப்ரீசராக்கியிருக்கிறார்கள். நம் குச்சிக்கிழங்கு கப்பலேறி வந்ததும் அதே கண்டத்திலிருந்துதான்!