பல்கலைக்கழக இயற்பியலுக்கு இணையத்தில் துணை

தேக்காவிலிருந்து சிலிகி சாலை வழியாக நடந்தால் அரைமணி நேரத்திற்குள் விக்டோரியா ஸ்ட்ரீட்டிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்தை அடையலாம். 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் மேல்மாடிகளில் இருப்பது லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். நூல்களை அங்கேயே அமர்ந்து படிக்க வேண்டும். அருகே, பிராஸ் பாசா காம்ப்ளக்ஸில் பழைய பாடநூல்களும் விற்பனைக்கு உண்டு. ஆயினும் இன்றைய மாணவர் முதலில் திறப்பது கைபேசியைத்தான். அதில் குற்றமில்லை, எதைத் திறப்பது என்பதே கேள்வி.

தொடக்கக் கல்லூரியில் நன்றாகத் தேறிய பிள்ளை, பல்கலைக்கழகத்தில் சில வாரங்களிலேயே தடுமாறுவதுண்டு. அந்த நிலைக்குத் துணைப்பாட ஆசிரியர் எளிதில் அமைவதில்லை. பெற்றோருக்கும் பாடம் புரிவதில்லை. "எனக்கு இயற்பியல் வராது" என்று துறையையே மாற்றிக்கொள்ளப் பார்க்கிறது பிள்ளை. பெரும்பாலும் தடை இயற்பியலில் இல்லை. வகைக்கெழுச் சமன்பாட்டிலும் திசையன் கணிதத்திலும் இருக்கிறது. ஆகவே தேடத் தொடங்குமுன், எந்த வரியில் நின்றுபோனோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடங்களை எல்லார்க்கும் இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001இல் அறிவித்தது. அதன் இயக்கவியல் பாடத்தில் விரிவுரைகளோடு பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் உள்ளன. இந்தியாவின் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனுடைய விரிவுரைகள் இருக்கின்றன. அவை சற்றுக் கடினமே. இரண்டாம் ஆண்டுக்கு மேல் கேட்டால் சுவைக்கும். 1961 முதல் 1963 வரை ஃபைன்மன் கலிஃபோர்னியாவில் ஆற்றிய விரிவுரைகளின் நூல் வடிவையும் இன்று இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கருத்துக்கு அது சிறந்தது. தேர்வுக்கு அது மட்டும் போதாது. வரிசையான பாடநூல் வேண்டுவோர்க்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட மூன்று தொகுதிகள் உண்டு.

விரிவுரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எல்லாம் புரிந்ததுபோலவே தோன்றும். அதை நம்பக்கூடாது. படத்தை நிறுத்திவிட்டு, அடுத்த வரியைத் தாளில் நாமே எழுத வேண்டும்.

ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீள ஊசல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 2 விநாடி ஆகும்; வீச்சு எவ்வளவாயினும் நேரம் மாறாது என்று பள்ளியில் படித்தோம். அது சிறு கோணத்திற்கு மட்டுமே பொருந்தும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' செயல்விளக்கத்தில் ஊசலை 60 பாகைக்கு இழுத்துவிட்டு நேரத்தை அளந்து பாருங்கள்: சுமார் 7 விழுக்காடு கூடுதலாக வரும். கோணத்தின் சைனுக்குப் பதிலாகக் கோணத்தையே வைத்துக்கொண்ட தோராயந்தான் அதற்குக் காரணம். அந்த 7 விழுக்காட்டைத் தாளில் கணக்கிட்டு வரவழைக்க முயலுங்கள். ஒரு மாலைப்பொழுது அதற்கே சரியாகிவிடும்.