ஒத்தக்கண்ணு வண்டி



ராத்திரி நேரம். எதிரே ஒரே ஒரு வெளிச்சம் வருகிறது. அது என்ன வண்டி? "பைக்" என்று நாம் எல்லோரும் உடனே சொல்லிவிடுவோம். அது ஒரு விளக்கு எரியாத காராக இருந்தால்? எரிவது இடது விளக்கா, வலது விளக்கா? தூரத்தில் இருந்து யாராலும் சொல்ல முடியாது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அது திருமங்கலத்தில் இருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை. முன்பு அதன் எண் 208, இப்போது 744. கேரளா லாரியும் அதில்தான் போகும், ஷிஃப்ட் முடிந்த மில் தொழிலாளியின் சைக்கிளும் அதில்தான் போகும். ஆடிப்பூரத் தேர் பார்க்கக் குழந்தைகளோடு நடந்து வருகிறவர்களும் அதே ரோட்டில்தான்.

எங்க பெரியப்பா மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் போய் வருவார். அவர் சொன்னது இது: "ஒத்த லைட்டு வந்தா டூவீலர்னு நெனச்சு நாம பாட்டுக்கு நம்ம பாதையில வருவோம். கிட்ட வந்த பிறகுதான்டா அது காருன்னு தெரியும். அப்ப ஒதுங்க எடம் இருக்காது."

அம்பாசிடர் கார் சுமார் ஐந்தரை அடி அகலம். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுவதால், எதிரே வருகிறவர் காரின் வலது பக்கத்தை ஒட்டித்தான் கடந்து போவார். அந்த வலது விளக்கு எரியாவிட்டால், காரின் பெரும்பகுதி இருட்டில் ஒளிந்தபடி அவரை நோக்கி வருகிறது என்று அர்த்தம். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். யோசிக்கக்கூட நேரம் இல்லை. ஆகவே ஹெட்லைட் என்பது நமக்கு வழி தெரிவதற்கு மட்டும் இல்லை. நம் வண்டியின் அகலத்தை மற்றவர்களுக்குச் சொல்வதும் அதுதான்.

எங்க தாத்தாவின் பழைய அம்பாசிடரில் வலது ஹெட்லைட் உடைந்தது. எதிரே போன லாரியின் டயரில் இருந்து தெறித்த கல். கண்ணாடியில் பெரிய ஓட்டை, ஆனால் பல்பு எரிந்தது. "பிளாஸ்டிக் பேப்பர வச்சு டேப் ஒட்டுங்க, போதும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

விளக்கின் உள்ளே என்ன இருக்கிறது?

நாம் ஒளிப் பாடத்தில் படித்த குழியாடி தான்! குவியத்தில் விளக்கை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியே போகும். எச்4 என்ற ஹாலஜன் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. பிரைட் இழை குவியத்தில் இருக்கும். டிம் இழை சற்று முன்னால் இருக்கும், அதன் அடியில் ஒரு குட்டித் தகடு. அதனால் டிம் வெளிச்சம் ஆடியின் மேல் பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கித் திரும்பும். முன் கண்ணாடியில் உள்ள வரிகள் அந்த வெளிச்சத்தைப் பிரித்து ரோட்டில் பரப்பும். கண்ணாடி உடைந்தால் வெளிச்சம் கண்டபடி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்கும். மழைத் தண்ணியும் தூசியும் உள்ளே புகுந்து ஆடியின் பளபளப்பும் போய்விடும். ஆகவே டேப் தீர்வு இல்லை.

(ஒரு விளக்கு போனாலும் மற்றது எப்படி எரிகிறது? இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால்!)

பழைய காரில் ஒரு வசதி

1940-இல் அமெரிக்காவில் 7 அங்குல வட்ட விளக்கைக் கார்களுக்குப் பொது அளவாக ஆக்கினார்கள். பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது. அம்பாசிடருக்கும் பழைய மகேந்திரா ஜீப்புக்கும் அதே வட்டம்தான். அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "7 இஞ்சு டூம்" என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். இப்போதைய கார்களில் மாடலுக்கு மாடல் விளக்கின் வடிவம் வேறு. கண்ணாடி உடைந்தால் பெரும்பாலும் முழு விளக்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.

தேவையான பொருட்கள்

புது டூம், எச்4 பல்பு (12 வோல்ட், 60/55 வாட்), திருப்புளி, ஸ்பேனர், சுத்தமான துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், கனமான கையுறை. வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும்.

செய்முறை

1. விளக்கை அணைத்து, சூடு ஆற விடவும். பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றவும்.

2. கையுறை போட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கவும். கீழே சாக்கு விரித்துக்கொண்டால் நல்லது. செருப்பில்லாமல் யாரும் பக்கத்தில் வரக்கூடாது.

3. வெளியே உள்ள பளபளப்பான வளையத்தைக் கழற்றவும். திருகு துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் காத்திருக்கவும். அவசரப்பட்டு நெம்பினால் வளையம் நெளிந்துவிடும்.

4. உள் வளையத்தைப் பிடித்திருக்கும் சிறு திருகுகளைக் கழற்றவும். வேறு சில திருகுகளும் அங்கே கண்ணில் படும். அவை விளக்கு பார்க்கும் திசையை மாற்றும் திருகுகள். இப்போது அவற்றைத் தொடாதீர்கள்.

5. டூமை வெளியே இழுத்தால் பின்னால் மூன்று ஒயர் கொண்ட ஹோல்டர் வரும். ஒன்று டிம், ஒன்று பிரைட், ஒன்று எர்த். ஹோல்டரைப் பிடித்து இழுக்கவும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யவும்.

6. புது பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. ஹாலஜன் பல்பு மிக அதிகச் சூட்டில் எரியும். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சுட்டு, பல்பு சீக்கிரம் போய்விடும். அடிப்பகுதியை மட்டும் துணியால் பிடிக்கவும்.

7. பல்பைப் பொருத்தி, ரப்பர் மூடியைப் போட்டு, கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக எல்லாவற்றையும் மாட்டவும். கடைசியாகப் பேட்டரி.

எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் ஒரே ஒரு துருப்பிடித்த திருகுக்கு!

சுவர் பரீட்சை

வேலை இத்தோடு முடியவில்லை. இருட்டிய பின், சமதளத்தில் சுவருக்கு நேராக 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தினோம். விளக்கின் மையம் தரையில் இருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டோம். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 3 அங்குலம் கீழே விழும்படி, தொடாமல் வைத்த திருகுகளை இப்போது திருப்பினோம்.

ஏன் 3 அங்குலம்? 25 அடி என்பது 300 அங்குலம். நூறுக்கு ஒன்று என்ற சரிவு அது. விளக்கு இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் வெளிச்சத்தின் விளிம்பு 250 அடி தாண்டித்தான் தரையைத் தொடும். நமக்கு வழி தெரியும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசாது.

சிலர் "100/90 வாட் போடு, பகல் மாதிரி இருக்கும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர். 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல். இரண்டு விளக்குக்கும் சேர்த்தால் 16-க்கும் மேலே! பழைய ஒயரும் சுவிட்சும் சூடாகி உருகிவிடும். எதிரே வருகிற சைக்கிள்காரருக்கோ ரோடே தெரியாது. நமக்குப் பகல், அவருக்கு இருட்டு. இது நியாயமா?

நண்பர்களே, உங்கள் வீட்டில் கார் இல்லாவிட்டாலும் பைக்கோ மொபெட்டோ ஆட்டோவோ இருக்கும். இன்றைக்கு ராத்திரி அதைச் சுவருக்கு நேராக நிறுத்தி டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பின் விளக்கையும் மறக்காதீர்கள். எரியாவிட்டால், "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொன்னாலும் விடாதீர்கள். உங்கள் வண்டிக்கு எதிரே வரப்போவது யாரோ ஒருவருடைய பெரியப்பாவாக இருக்கலாம்.