ஏலத்தில் எடுத்த புல்வெட்டி

குருநகரிலோ பாசையூரிலோ விடியற்புறம் மீன் கூறி விற்பதைப் பார்த்த பெண்களுக்கு ஏலம் என்பது புதிய விடயமல்ல. கூறுபவர் விலையைச் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் ஏற்றிக்கொண்டே போக, கடைசியாகக் கேட்டவரின் கூடையில் மீன் விழும். பார்க்க இலகுவாகத்தான் இருக்கும். ஆனால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாதவர் அங்கே விலை கேட்கக் கூடாது என்று எங்கள் அம்மா சொல்லுவா. பழைய இயந்திரம் வாங்கப் போன நாங்கள் அந்தப் பேச்சை மறந்து போனோம். மறந்ததற்குக் கொடுத்த விலையையும், பின்னர் கற்றுக்கொண்டதையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பற்றை மூடிய வளவுகள்

மண்கும்பான் மணற் கிராமம். பண்ணைப் பாலத்தைத் தாண்டி மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி கடந்தால் எங்கள் ஊர். 1990 ஆகஸ்ட்டில் இந்தப் பகுதிகளில் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் திரும்பி வரவேயில்லை. சனங்கள் இடம்பெயர்ந்தனர். சிலர் வன்னிக்கும், சிலர் இந்தியாவுக்கும், சிலர் பிரான்ஸ், கனடா என்றும் போயினர். வளவுகள் ஆண்டுக்கணக்காக ஆளின்றிக் கிடந்து பற்றையாகின.

திரும்பி வந்தவர்களில் பெண் தலைமைக் குடும்பங்கள் பல. எங்கள் மாதர் சங்கத்தில் ஐந்து பேர் சேர்ந்து கூலிக்குப் பற்றை வெட்டத் தொடங்கினோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் காணியைத் துப்புரவாக்கிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் காசு அனுப்புவார்கள். கோயில் திருவிழாவுக்கு முன் வீதி துப்புரவாக்க வேண்டும். மழைக்காலத்தில் டெங்குப் பயம். வேலைக்குக் குறைவில்லை. கையில் இருந்ததோ கத்தியும் மண்வெட்டியும் மட்டுமே. ஒரு பரப்பு வெட்டி முடிக்க முதுகு முறிந்து போகும். “ஒரு மெசின் இருந்தால் நல்லது” என்ற கதை அப்போதுதான் எழுந்தது.

முதல் ஏலம்

2019இல் ஒரு நிறுவனம் தனது பழைய பொருட்களை ஏலம் விடுவதாக அறிந்து போனோம். சிவப்பு நிறம் பூசிய ஒரு புல்வெட்டி பளபளவென்று நின்றது. நடுவில் உருளை, அதைச் சுற்றி வளைந்த கத்திகள், பின்னால் ஒரு பாரமான உருளை. 15,000 ரூபாவில் தொடங்கியது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஏற்ற, நானும் ஏற்றினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அந்த ரோசத்தில் 38,000 வரை போய்விட்டேன். எங்கள் இருவரின் காப்பை அடகு வைத்த காசு அது.

லொறிக் கூலி 5,000. திருத்த 6,000. ஆக 49,000 ரூபா. வளவுக்குள் இறக்கி ஓட்டினால் பத்தடி போகவில்லை. நாயுருவித் தண்டு சிக்கி உருளை நின்றுவிட்டது. மணல் பட்டுக் கத்தியும் மழுங்கிப் போயிற்று.

“என்னக்கா, மெசின் ஓடுதே?” என்று வேலியால் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். “ஓமடி பிள்ளை, ஓடும் ஓடும்” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வெட்கமாகிவிட்டது. மெசினில் பிழையில்லை. அது செய்யப்பட்ட வேலை வேறு, நாங்கள் கேட்ட வேலை வேறு என்பது பின்னர்தான் விளங்கியது.

உருளைப் புல்வெட்டி எதற்கு?

இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் குளொஸ்ரர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேற்சிலும்பை வெட்டி மட்டமாக்கும் உருளைக் கத்தியைப் பார்த்து, அதுபோலவே புல்லையும் வெட்டலாம் என்று எண்ணி 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1832 முதல் ரான்சம்ஸ் நிறுவனம் அதைச் செய்து விற்றது. அதுவரை பெரிய புற்றரைகளை அரிவாள் கொண்டோ ஆடு மாடுகளை மேயவிட்டோதான் மட்டமாக வைத்திருந்தார்கள்.

அதன் வேலை கத்தரிக்கோலின் வேலை. சுழலும் கத்திகள் புல்லைக் கொண்டுவந்து, அடியில் அசையாமல் இருக்கும் ஒரு தட்டைக் கத்தியோடு சேர்த்து நறுக்கும். அதனால் வெட்டு சுத்தமாக இருக்கும், புல்நுனி கிழியாது. சில மில்லிமீற்றர் உயரத்துக்கும் வெட்டலாம். கிரிக்கெட் ஆடுகளத்துக்கும் கோல்ஃப் திடலுக்கும் அதுவே பொருத்தம். ஆனால் நிலம் மட்டமாக இருக்க வேண்டும். கல், தடி, மணல் இருக்கக் கூடாது. புல் உயர்ந்து வளர முன் அடிக்கடி வெட்ட வேண்டும். எங்கள் பற்றைக் காணிக்கு இதில் எதுவும் பொருந்தாது.

ஒரு வேடிக்கை பாருங்கள். வெப்ப நாடுகளில் இப்படிப்பட்ட இயந்திரங்கள் அதிகம் வெட்டும் புல், நாங்கள் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகுதான். வெட்ட வெட்டப் படர்ந்து தழைக்கும் குணம் அதற்கு உண்டு.

பற்றைக்கு ஏற்றது தோளில் மாட்டும் புல்வெட்டி. நீண்ட தண்டின் நுனியில் இரும்புத் தகடோ நைலோன் நூலோ சுழலும். மேடு பள்ளம், வேலியோரம், கிணற்றடி எங்கும் போகலாம். மட்டமான முற்றத்துக்கும் பள்ளிக்கூட வளவுக்கும் சில்லு வைத்த சுழல்கத்தி இயந்திரம் போதும். முதலில் வேலையைத் தீர்மானியுங்கள். பிறகு இயந்திரத்தைத் தேடுங்கள். நாங்கள் மாறிச் செய்தோம்.

ஏலத்துக்கு முன்

அரச அலுவலகங்களும் பிரதேச சபைகளும் பாவனைக்கு உதவாது என்று ஒதுக்கிய பொருட்களை இடைக்கிடை பகிரங்க ஏலத்தில் விற்பதுண்டு. நீதிமன்றங்கள் பறிமுதல் செய்த பொருட்களும், தவணைக் காசு கட்டாததால் நிறுவனங்கள் மீட்டெடுத்த பொருட்களும் ஏலத்துக்கு வரும். பத்திரிகையிலும் அலுவலக விளம்பரப் பலகையிலும் அறிவித்தல் வரும். அதைக் கடைசி வரி வரை வாசியுங்கள். பொருளைப் பார்வையிடும் நாள் எது? வைப்புப் பணம் எவ்வளவு? முழுக் காசையும் அன்றே கட்ட வேண்டுமா? எத்தனை நாளுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும்? ஏலக்காரரின் கட்டணமும் வரியும் விலைக்கு மேலதிகமா? விளங்காவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஏலத்தில் பொருள் பெரும்பாலும் உள்ளது உள்ளபடியே விற்கப்படும். வாங்கிய பின் பழுதென்று திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே பார்வையிடும் நாளில் கட்டாயம் போங்கள். தெரிந்த ஒரு கராஜ்காரத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் அரைநாள் கூலி வீண்செலவல்ல.

பார்க்க வேண்டியவை இவை:

1. புதிய பெயின்ரைக் கண்டு மயங்க வேண்டாம். பெயின்ருக்குள் வெல்டிங் பிடித்த இடம், வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

2. இழுகயிற்றை மெதுவாக இழுங்கள். உள்ளே எதிர்த்து இழுக்கும் தன்மை இருக்க வேண்டும். சும்மா தொளதொளவென்று வந்தால் எஞ்சின் தேய்ந்துவிட்டது.

3. ஒயில் தனியாக ஊற்றும் எஞ்சின் என்றால் ஒயிலைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறமென்றால் தண்ணீர் போயிருக்கிறது. மின்னும் இரும்புத் தூள் தெரிந்தால் உள்ளே தேய்மானம்.

4. பெற்றோல் தாங்கியை மணந்து பாருங்கள். புளித்த மணம் வந்தால் மெசின் நெடுங்காலம் ஓடாமல் கிடந்திருக்கிறது; காபரேற்றர் அடைத்திருக்கும்.

5. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. தீவுப் பகுதியில் இதை முக்கியமாகப் பாருங்கள். ஆணி கழற்ற வராமல் உடையும்.

6. தோளில் மாட்டுவதென்றால் தண்டு வளைந்திருக்கிறதா, நுனியிலுள்ள பல்லுப்பெட்டி ஆடுகிறதா, கத்திக் கவசமும் தோள்பட்டியும் உண்டா என்று பாருங்கள்.

7. உருளைப் புல்வெட்டி என்றால் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டு, ஒரு கடதாசித் துண்டை இரு கத்திகளுக்கும் இடையே பிடித்து உருளையை மெதுவாகச் சுழற்றுங்கள். விரல் தூரத்தில் இருக்கட்டும். இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை கடதாசி சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். உருளையைத் தூக்கி ஆட்டினால் ஆடக் கூடாது. ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சிறுத்தும் தேய்ந்திருந்தால், சாணை பிடிக்க விசேட இயந்திரம் வேண்டும், செலவு கூட.

8. மாதிரி இலக்கத்தை எழுதி வந்து, உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பாகம் கிடைக்காத மெசின் மலிவல்ல, பழைய இரும்பு.

விலையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

இரண்டாவது ஏலத்துக்கு 2021இல் போனோம். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய மெசின்களின் விலை ஏறிய காலம். அதற்கு முன் பழைய சிவப்பு மெசினை விளையாட்டுத் திடல் பராமரிக்கும் ஒருவருக்கு 22,000 ரூபாவுக்கு விற்றோம். 27,000 ரூபா நட்டம். அவரிடம் அந்த மெசின் அருமையாக ஓடியது. அதைப் பார்த்தபோது கவலையாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

இம்முறை ஒரு கொப்பியில் கணக்குப் போட்டோம். எங்களால் போடக்கூடிய மொத்தக் காசு 45,000. அதில் திருத்தத்துக்கு 12,000, ஏற்றிவரக் கூலிக்கு 3,000 என்று கழித்தோம். மிச்சம் 30,000. அதற்கு மேல் ஒரு ரூபாவும் கேட்பதில்லை என்று ஐந்து பேரும் ஒப்புக்கொண்டோம். விலை கேட்கும் பொறுப்பை எங்களில் வாய் பேசாத ஒருவரிடம் கொடுத்தோம், எனக்குக் கொடுக்கவில்லை!

முதலில் வந்த மெசின் 33,000க்குப் போனது. கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அடுத்தது 24,500க்கு எங்களுக்கு விழுந்தது. ஓட்டோக் கூலி 2,500. காபரேற்றர் கழுவி, பிளக், கயிறு, நைலோன் தலை மாற்ற 9,000. மொத்தம் 36,000. பற்றுச்சீட்டைச் சங்கத்தின் பெயரிலேயே எழுதுவித்தோம். ஒருவர் விலகினாலும் பிணக்கு வராது.

வேலை தொடங்க முன்

சேலையோ சால்வையோ கட்டிக்கொண்டு இந்த வேலை செய்யக் கூடாது. நீளக் காற்சட்டை, சப்பாத்து, கண்ணாடி வேண்டும். ஓடும்போது 15 மீற்றருக்குள் எவரும் நிற்கக் கூடாது. சிறுபிள்ளைகளை அண்டவே விடாதீர்கள். பெற்றோலில் ஒயில் கலக்கும் அளவு மெசினுக்கு மெசின் வேறு. கைந்நூலில் உள்ளபடியே கலவுங்கள். ஒயில் இல்லாமல் ஓட்டினால் ஒரே நாளில் எஞ்சின் இறுகிவிடும்.

நெடுங்காலம் மூடிக் கிடந்த காணி என்றால் முதலில் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். துருப்பிடித்த, இனந்தெரியாத எதையேனும் கண்டால் தொடாமல் விலகிப் பொலிசுக்கு அறிவியுங்கள். எங்கள் கைகால்கள் எங்களுக்கு வேண்டும்.

கடற்கரைப் பக்க மணற் திட்டிகளில் இராவணன் மீசை படர்ந்திருக்கும். காசு தருகிறோம் என்றாலும் அதை வெட்டாதீர்கள். மணலைக் கட்டி வைத்திருப்பது அந்தப் புல்தான்.

இன்னொரு பக்கம்

2022இல் பெற்றோல் இல்லாமல் மெசின் மாதக்கணக்கில் மூலையில் கிடந்தது. கத்தியை மீண்டும் தீட்டினோம். அடகு வட்டி மட்டும் நிற்கவில்லை. அந்நாட்களில் எனக்கு ஒரு யோசனை அடிக்கடி வந்தது. மீட்காவிட்டால் எங்கள் காப்பும் ஒருநாள் ஏலத்துக்குத்தான் போகும். அங்கேயும் ஒருவர் மலிவாக எடுத்தோம் என்று மகிழ்வார். நாங்கள் வாங்கிய மெசினும் யாரோ ஒருவர் தவணை கட்ட முடியாமல் இழந்ததாக இருக்கலாம். ஆகவே சகோதரிகளே, மெசின் வாங்க வட்டிக்குக் காசு எடுக்காதீர்கள். நுண்கடனால் எமது பெண்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. சங்கத்தில் கிழமைக்குக் கொஞ்சமாகச் சேர்த்து, சேர்ந்த அளவுக்கே வாங்குங்கள்.

2024இல் இரண்டு காப்புகளையும் மீட்டோம். ஒவ்வொரு வேலையிலும் வரும் காசில் ஒரு பங்கைத் திருத்தச் செலவுக்கென்று தனியே வைக்கிறோம்.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். எங்கள் பஸ் போகும் வழிதான். “அக்கா, அங்கை புல்லு வெட்ட எங்களைக் கூப்பிடுவினமோ?” என்று கூட வந்த பிள்ளை கேட்டாள். கூப்பிடட்டும், கூப்பிடாமல் போகட்டும். உருளைக் கத்தியில் கடதாசி வைத்துப் பார்க்க எங்கள் ஐந்து பேருக்கும் இப்போது தெரியும் என்று சொன்னேன்.