கொடைக்கானலுக்கு எத்தனை பருவங்கள்?

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் ஏப்ரல், மே விடுமுறையில்தான் போயிருப்பார்கள். ‘சீசன்’ என்றாலே அங்கே அந்த இரண்டு மாதங்கள்தாம். ஆனால் அதே ஊரை ஜூலையில் பார்த்தவரும், அக்டோபரில் பார்த்தவரும், ஜனவரியில் பார்த்தவரும் பேசினால், மூவரும் மூன்று வெவ்வேறு ஊர்களைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்!

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே செல்லும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உயர வேறுபாடு சுமார் 2,000 மீட்டர். வேறுபடும் வெப்பநிலையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் காலை வானம் தெளிவாக இருக்கும். வெயிலில் மலைச்சரிவு சூடேற, அதையொட்டிய காற்று மேலெழும்பி, நண்பகலுக்குள் மேகமாகத் திரளும். மாலையில் இடியுடன் மழை கொட்டும். இங்கே 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தினருக்குக் காலை நேரம் அருமையானது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான்.

ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். ஆனால் பழனி மலைத்தொடர், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டிருக்கும் கிளை. காற்று தன் நீரில் பெரும்பகுதியை மேற்கே கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மிச்சம்தான் இங்கு வருகிறது, தூறலாகவும் மூடுபனியாகவும். எதிரே வரும் ஆள் தெரியாது. அந்த மூடுபனி வேறொன்றுமில்லை, தரையைத் தொடும் மேகமே. அக்டோபர், நவம்பரில் காற்று திசை மாறி வங்கக் கடலிலிருந்து வீசும். அப்போது கிழக்குச் சரிவு நேராக அதன் எதிரே நிற்கிறது. ஆகவே பெருமழை அப்போதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த பருவம். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து வானம் துடைத்து விட்டாற்போல் இருக்கும். காற்றும் அடங்கிவிடும். சில நாள் விடியற்காலையில் ஏரியை ஒட்டிய புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அது உறைபனி. அப்போது வெப்பமானி 3 அல்லது 4 டிகிரி காட்டலாம். பூச்சியத்துக்கு இறங்காமல் பனி உறைவது எப்படி?

வெப்பமானி தரைக்கு மேலே ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், பெட்டிக்குள் இருக்கிறது. புல்லோ திறந்த வானத்தை நோக்கி இரவு முழுவதும் வெப்பக் கதிர்களை வெளியிட்டபடி இருக்கிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். தெளிந்த வானம் அவ்வளவு திருப்பித் தராது. அதனால் புல், காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டைவிடப் பள்ளத்தில்தான் உறைபனி அதிகம். இதைக் காண மலைக்குத்தான் போக வேண்டுமென்பதில்லை. மார்கழி விடியலில் உங்கள் ஊர்த் திடலில் பாருங்கள். திறந்த வெளிப் புல்லில் பனித்துளி நிறைந்திருக்கும்; மரத்தடிப் புல் பெரும்பாலும் காய்ந்திருக்கும். மரக்கிளைகள் அங்கே மேகத்தின் வேலையைச் செய்கின்றன.

இந்த ஒரு சிறு செய்தி, மலையின் தோற்றத்தையே விளக்க உதவுகிறது. பழனி மலையின் உச்சிப் பகுதியில் மடிப்புகளில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி என்று மாறி மாறி இருக்கும். சோலை மரத்தின் கன்று, தாய்மரங்களின் நிழலில் உறைபனிக்குத் தப்புகிறது. திறந்த வெளியில் முளைத்தால் கருகிவிடும். புல் அப்படியல்ல, மேற்பகுதி கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். புல்வெளி நிலைத்திருக்க உறைபனியும் ஒரு காரணம் என்று தாவரவியலாளர் பலர் கருதுகிறார்கள்.

ஆனால் இப்புல்வெளியைப் ‘பயனற்ற தரிசு’ என்று எண்ணிச் சீகை, தைலமரம், பைன் ஆகியவற்றை நட்டார்கள். இவை குளிரைத் தாங்கின. சீகை நடாத இடங்களிலும் பரவியது. விளைநிலங்களும் பெருகின. 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டுகிறது. பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

குறிஞ்சிச் செடி வளர்வதும் இந்தப் புற்சரிவுகளில்தான். அதன் பருவம் ஆண்டுக்கணக்கில் அடங்காதது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை தந்து, மடிந்துவிடும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அன்று விழுந்த விதைகளிலிருந்து முளைத்த செடிகள் எஞ்சிய புல்வெளிகளில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அடுத்த பூப்பு 2030-இல். அப்போது உங்களுக்கு என்ன வயதிருக்கும்?