பழைய புல்லட்டில் மின்சாரம் தொலையும் இடங்கள்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரித்த புல்லட்டுகளில் கணிசமானவை இன்றும் ஓடுகின்றன. தொடக்ககால வண்டிகளில் 6 வோல்ட் மின்னமைப்பு இருந்தது. பின்னர் வந்தவை 12 வோல்ட். எந்திரம் எவ்வளவு முரட்டுத்தனமானதோ, மின்பகுதி அவ்வளவு நோஞ்சான் என்ற பெயர் இந்த வண்டிகளுக்கு உண்டு. அந்தப் பெயர் பாதிதான் நியாயம். லைட் மங்கினாலும் பேட்டரி இறங்கினாலும் முதலில் பேட்டரி மாற்றப்படுகிறது, அடுத்து ரெக்டிஃபையர், அதற்கும் அடங்காவிட்டால் ஒயரிங் முழுவதும். கோளாறோ பல நேரங்களில் துருவேறிய ஒரு போல்ட்டின் அடியில் கிடக்கிறது.

மின்சாரம் பிறக்கும் இடம் எந்திரத்தின் இடப்பக்கச் செயின் கேஸ். கிராங்க் தண்டின் முனையில் நிலைக்காந்தங்கள் பதித்த ரோட்டார் சுழல்கிறது. அதைச் சுற்றி, செம்புக் கம்பிச் சுருள்களுடன் ஸ்டேட்டர் அசையாமல் நிற்கிறது. காந்தப்புலம் மாறும்போது சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டதுதான் இங்கும் நடக்கிறது. பிறப்பது மாறுதிசை மின்சாரம். பேட்டரியில் சேர்ப்பதற்கு அதை ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும்; அது ரெக்டிஃபையரின் வேலை. பழையவற்றில் செலினியம் பூசிய தகடுகளின் அடுக்கு, பின்னால் வந்தவற்றில் சிலிக்கான் டயோடுகள். 6 வோல்ட் வண்டிகளில் தனி ரெகுலேட்டர் கிடையாது. லைட் சுவிட்சைத் திருப்பும்போது எத்தனை சுருள்கள் வேலை செய்ய வேண்டும் என்பதும் சேர்ந்தே மாறும், அவ்வளவுதான் கட்டுப்பாடு. 12 வோல்ட் புல்லட்டுகள் சிலவற்றில் ஸ்டேட்டரிலிருந்து நான்கு ஒயர்கள் வெளிவரும்: இரண்டு பேட்டரிக்கு, இரண்டு நேராக ஹெட்லைட்டுக்கு. அத்தகைய வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது விளக்கு மங்கி, ஆக்சிலேட்டரைத் திருகினால் பிரகாசிப்பது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி.

ஹெட்லைட்டின் மேல் பதித்திருக்கும் ஆம்ப்பியர் மீட்டர் நோய் காட்டும் முதல் கருவி. முள் நடுவில் நின்றால் பேட்டரிக்குள் மின்சாரம் போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் (இக்னிஷன் சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) மூடியிருக்கும்போது முள் கழித்தல் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். டீகம்ப்ரஸரைப் பிடித்து பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர ஓட்டிகள் நெடுங்காலமாக இந்த முள்ளைத்தான் பார்க்கிறார்கள். அதே முள் வேறு செய்திகளும் சொல்லும். எந்த நிலையிலும் அசையவே இல்லை என்றால் பேட்டரியிலிருந்தோ எர்த்திலிருந்தோ இணைப்பு அறுந்திருக்கிறது, இல்லையேல் பாயிண்ட் முகங்களில் அழுக்கு. சாயும், ஆனால் திரும்பாது என்றால் பாயிண்ட் திறக்கவில்லை அல்லது அதன் ஒயர் பாடியைத் தொடுகிறது. ஓட்டத்தில் வேகம் கூடியும் கூட்டல் பக்கம் எட்டிப் பார்க்காத முள், சார்ஜ் ஆகவில்லை என்பதற்கு அடையாளம். லைட் போட்டு நிதானமாக ஓடும்போது சற்றே கழித்தல் பக்கம் நிற்பதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. குறைந்த சுழற்சியில் ஆல்டர்னேட்டரால் அவ்வளவுதான் தர முடியும்.

அடுத்தது மல்டிமீட்டர். சோதனை பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும்; இறந்த பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் மற்ற அளவுகள் எல்லாம் பொய் சொல்லும். சில மணி நேரம் சும்மா இருந்த 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. 6 வோல்ட்டுக்கு இவற்றில் பாதி. ஆனால் சும்மா இருக்கும்போது காட்டும் எண் மட்டும் போதாது. நீண்ட நாள் அரைகுறையாகக் கிடந்த பேட்டரியில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுத் தகடுகளை மூடிவிடும், மீட்டரில் 12.5 காட்டிவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டவுடன் 10க்குச் சரியும். அப்படிச் சரிந்தால் வாதத்துக்கு இடமில்லை, மாற்ற வேண்டியதுதான்.

பேட்டரி நல்லது என்றால் எந்திரத்தை ஓட்டி, சுழற்சியைக் கூட்டி, பேட்டரி முனைகளிலேயே அளக்க வேண்டும். ரெகுலேட்டர் உள்ள 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை இருப்பது ஆரோக்கியம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை. பேட்டரி நீர் வற்றும், பல்புகள் போகும். 13ஐக்கூட எட்டாவிட்டால் பின்னோக்கித் தேட வேண்டும். ஸ்டேட்டர் ஒயர்களைக் கழற்றி, அவற்றுக்கும் எந்திர உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி; பாடியோடு சேர்க்காமல் வடிவமைத்த சுருளில் தொடர்பு காட்டினால் காப்பு உரிந்துவிட்டது. செயின் கேஸ் ஆயிலில் ஊறியே கிடப்பதால் இந்த ஒயர்களின் உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும், குறிப்பாகக் கேஸை விட்டு வெளியேறும் ரப்பர் வளையத்தருகே. சுருளின் மின்தடையை அளந்து தீர்ப்புச் சொல்வது கடினம். அது 1 ஓமுக்கும் குறைவாகவே இருக்கும். சாதாரண மீட்டரின் ஒயர்களே அதில் கால் பங்கு காட்டிவிடும். அதனால் ஸ்டேட்டர் முனைகளில் ஒரு ஹெட்லைட் பல்பை நேராக இணைத்து எந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது மேல். சுழற்சி கூடக்கூட பல்பு நன்றாக ஒளிர்ந்தால் ஸ்டேட்டரையும் ரோட்டாரையும் சந்தேகிக்க வேண்டாம். ரெக்டிஃபையரை மீட்டரின் டயோடு நிலையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு டயோடும் ஒரு திசையில் அரை வோல்ட்டைச் சுற்றிக் காட்டி, மறுதிசையில் அடைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று அறுந்திருந்தால் சார்ஜ் பாதியாகும். அதுதான் “சார்ஜ் ஆகுது, ஆனா பத்தல” என்னும் வகைக் கோளாறு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு அழுமூஞ்சியாக எரிந்தால், பார்க்க வேண்டியவை இணைப்புகளும் எர்த்தும். உண்மையில் இதை முதலிலேயே பார்த்திருக்கலாம். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்ப்பியர் இழுக்கும். 6 வோல்ட்டில் 6 ஆம்ப்பியர். வழியில் ஒரு துருவேறிய முனை 0.1 ஓம் தடை தருவதாகக் கொண்டால், 12 வோல்ட்டில் தொலைவது 0.3 வோல்ட், 6 வோல்ட்டில் 0.6. அதாவது பத்தில் ஒரு பங்கு. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கைப் பொறுத்தது. எனவே 10 சதவீதம் அழுத்தம் குறைந்தால் 30 சதவீத வெளிச்சம் போகும். அதே துரு 12 வோல்ட் வண்டியில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைக்கூடத் தின்னாது. 6 வோல்ட் விளக்குகளின் கெட்ட பெயருக்குப் பெருங்காரணம் இந்தக் கணக்குத்தான்.

இந்தத் தடையை ஓம் அளந்து பிடிக்க முடியாது. ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருக்கும் ஒயர்கூட மீட்டரில் முழுத் தொடர்பு காட்டும். தண்ணீர் திறந்துவிட்ட பிறகுதான் குழாய் அடைப்பு தெரியும். லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த் முனையிலும் மறுமுனையைப் பல்பு ஹோல்டரின் உடலிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை. பெயின்ட் அடித்துப் புதுப்பித்த வண்டிகளில் இது சர்வசாதாரணம்: சேஸிஸும் மட்கார்டும் பளபளக்கும், பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினால் தீர்ந்தது. பேட்டரியிலிருந்து எந்திரத்துக்கு நேராக ஒரு எர்த் ஒயர் இழுப்பதும் நல்லது. ஹெட்லைட் கூட்டுக்குள் போகும் ஒயர்கள் ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் மடங்குவதால், உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். லைட்டைப் போட்டு ஹேண்டிலை இருபுறமும் திருப்பினால் கண்சிமிட்டிக் காட்டிக்கொடுக்கும்.

நிறுத்தி வைத்த வண்டியில் சில நாளில் பேட்டரி இறங்கினால் கசிவு இருக்கிறது. சாவியை அணைத்து, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, இடையில் மீட்டரை மில்லி ஆம்ப்பியர் நிலையில் செருக வேண்டும். கடிகாரம், எலக்ட்ரானிக் பொருள் எதுவும் இல்லாத பழைய வண்டியில் பூச்சியம் காட்டுவதே முறை. 100 மில்லி ஆம்ப்பியர் கசிந்தால் நாளுக்கு 2.4 ஆம்ப்பியர்-மணி, 5 ஆம்ப்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் காலி. ரெக்டிஃபையரைக் கழற்றியதும் எண் விழுந்தால் குற்றவாளி அதன் டயோடுதான்.

வேகத்தில் எந்திரம் திக்கினால் அது சார்ஜ் கோளாறாக இல்லாமல் பாயிண்ட்டோடு இணைந்த கண்டன்சரின் கோளாறாக இருக்கலாம். பாயிண்ட் திறக்கும்போது அங்கே பெரிய நீலப் பொறி பறந்து, முகங்கள் கருகியிருந்தால் கண்டன்சரை மாற்றிவிட்டு, பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டிச் சோதிக்கும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் இருக்கிறது. பேட்டரி இல்லாதபோது அழுத்தம் தாறுமாறாக ஏறி, நல்ல பல்பும் நல்ல ரெகுலேட்டரும் சேர்ந்தே போகும். ஃபியூஸ் இடத்தில் செம்புக் கம்பி சுற்றினால் அடுத்த ஷார்ட்டில் போவது ஒயரிங். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி வைக்கவும்.